நாற்பத்தொரு நாடுகளில் ஒரு முணுமுணுப்பு

நாற்பத்தொரு நாடுகளில் ஒரே சமயத்தில் பெரிய மனிதராவது எப்படி என்ற யோசனையில் யுவராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொந்தத் தெருவிலேயே ஆகியிருக்கலாம். அது கஷ்டம்; தெருக்காரர்களுக்கு அவரைத் தெரியும்.

அறுபது வயது. அந்தத் தலைமுறைக்கு இப்படித்தான் பெயர்கள். பல்செட் வைத்த தினேஷ்கள், மூட்டு மாற்றிய அஷ்வின்கள், அவர்களுக்கு நடுவில் இன்னும் பட்டத்துக்கு வராத ஒரு யுவராஜ். சிங்காநல்லூரில் மோட்டார் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் தானே நின்றுவிடும். ஓடுகிற எதையும் தானாக நிற்க வைப்பதில் கோயம்புத்தூரிலேயே அவருக்கு நல்ல பெயர்.

அவர் மனைவி சுகன்யாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துவிட்டாள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க ஒரு பருத்தி ஸ்கார்ப். பேச்சு மட்டும் போயிற்று. வீட்டில் வந்து உட்கார்ந்த அந்த அமைதியை யுவராஜ் முதலில் ஓய்வு என்று எடுத்துக்கொண்டார். பிறகு தாங்க முடியவில்லை. அவர் சொல்வதற்கு 'ம்' போட ஆளில்லாமல், சொல்ல வந்ததெல்லாம் பாதியில் நின்றது.

பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு மாடியறைக்குள் போனார். இரண்டு வருடம் தூக்கமில்லை, தீபாவளி இல்லை. வெளியே வந்தபோது கையில் பேண்டெய்ட் மாதிரி ஒரு பட்டை இருந்தது. தாடைக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். பேச நினைத்ததும் மூளை நாக்குக்கும் தாடைக்கும் அனுப்புகிற துடிப்பை அது பிடித்து, சட்டைப் பட்டன் அளவு ஒலிபெருக்கி வழியாகச் சொல்லிவிடும். குரல் சுகன்யாவுடையதே. கல்யாண வீடியோவில் அவள் பேசியிருந்ததையெல்லாம் பொறுக்கிக் கோத்தது. ஐம்பத்தெட்டு வயது முகத்திலிருந்து இருபத்துநாலு வயதுக் குரல் வரும்.

அவர் பெரிய விஷயம்தான் செய்திருந்தார். அதை அவரே சொல்லாமலிருந்தால் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

முதல் சோதனைக்குக் கேமரா வைத்தார். சரித்திரத்தில் நிற்கப்போகிற வாக்கியம் என்பதால் அதை அவரே எழுதிக் கொடுத்தார்: 'என் கணவர் எனக்குக் குரல் தந்தார்.'

சுகன்யா பட்டையை ஒட்டிக்கொண்டாள். வாயசைத்தாள்.

"என் கணவர் எனக்கு... பேச வச்சாலும் எழுதிக் குடுத்துத்தான் பேச வைப்பாரு இந்தாளு... குரல் தந்தார்" என்றது பட்டை.

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் பட்டை, "அய்யய்யோ, அதுவும் கேட்டுருச்சா?" என்றது.

யுவராஜ் கேமராவை அணைத்தார்.

கோளாறு எங்கே என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். சொல்ல வந்து விழுங்கிய வார்த்தையும் தாடை வரை வந்துவிட்டுத்தானே திரும்பிப் போகிறது? பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சொன்னதையும் சொன்னது, சொல்லாமல் விட்டதையும் சொன்னது. மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு வடிகட்டி செய்தார். துடிப்பில் தயக்கம் தெரிந்தால், அழுத்தம் குறைந்தால், அந்த வார்த்தையை வெட்டிவிடும். அதற்குப் 'பண்புச் சல்லடை' என்று பெயர் வைத்தார். புதுப் பட்டையில் சுகன்யா, "காபி தயாராக உள்ளது" என்றாள். ஜங்ஷனில் ரயில் அறிவிக்கிற மாதிரி இருந்தது.

யுவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு மரியாதையா பேசறே சுகன்யா!"

சுகன்யா கைபேசியில் தட்டிக் காட்டினாள்: 'இதுல முணுமுணுக்க முடியலீங்க. எனக்கு பழசே போதும்.'

"அது அரைகுறைச் சாமான். உலகம் பாக்கப்போகுது, கொஞ்சம் பொறு" என்றவர், பழைய பட்டையை பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைப் பூஜையறை ஆணியில் மாட்டினார். இருபத்தேழு வருடமாக அந்த வீட்டுச் சாவிகள் எல்லாம் தொங்குகிற ஆணி அது.

ஆனி மாசக் கடைசியில் ஆஃப்ரின் வந்தாள். காப்புரிமை முகவர். அவிநாசி சாலையில் அலுவலகம். கண்டுபிடிப்பாளர்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் புருவத்தை உயர்த்தாத பெண். கூடத்துச் சுவரில் யுவராஜ் உலகப் படம் மாட்டி நாற்பத்தொரு குண்டூசி குத்தியிருந்தார்.

"உலக பேட்டண்ட்டுனு ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க அம்மிணி."

"அப்படி ஒண்ணு கிடையாது சார்."

"இண்டர்நேஷனல்னு எல்லாரும் போட்டுக்கறாங்களே?"

"விண்ணப்பம்தான் இண்டர்நேஷனல். உரிமையை ஒவ்வொரு நாடும் தனித்தனியாத்தான் குடுக்கும். முதல்ல நம்ம ஊர்ல போடறோம். அந்தத் தேதிதான் உங்க கண்டுபிடிப்புக்குப் பிறந்த தேதி. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். வாசல் ஒண்ணுதான். உள்ள போனா நாற்பத்தொரு கதவு. ஒவ்வொண்ணா தட்டணும்."

"தட்டிப்போடுவோம்."

ஆஃப்ரின் படத்தருகே போய் ஒரு குண்டூசியைத் தொட்டாள். "சார், லீக்டன்ஸ்டைன் எதுக்கு? அந்த நாட்டு ஜனமே நம்மூர் ரெண்டு வார்டுதான் வரும்."

"பேர் நல்லாருந்துது."

"ஐஸ்லாந்து?"

"ஹனிமூனுக்குப் போலாம்னு இருந்தோம். அப்ப அமையல."

சுகன்யா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். தாடைக்குக் கீழே சல்லடை போட்ட பட்டை.

"பிறந்த தேதிக்கு முந்தி வெளியாள் ஒருத்தர்கூட இதைப் பாத்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது" என்றாள் ஆஃப்ரின். "அந்தக் காலத்துல அதிகாரிங்க பழைய காகிதங்களைத்தான் புரட்டுவாங்க. இப்பத் துருவி இருக்கு."

துருவி என்பது காப்புரிமை ஒப்பந்த நாடுகள் சேர்ந்து செய்த தேடல் இயந்திரம். அதற்கு ஆறு சொல்லில் ஓர் அரசாங்கப் பெயர் உண்டு, வைத்தவர்களுக்கே நினைவில்லை.

"பஸ், ஸ்டேஷன், கோயில் வாசல், பொது இடத்துக் கேமரா எல்லாத்தையும் அதுக்குத் திறந்துவிட்டுட்டாங்க. உலகத்துல எங்கயாவது யாராவது ஏற்கெனவே செஞ்சு காட்டியிருந்தா தேடி எடுத்துரும். திருப்பூர்க்காரர் ஒருத்தர் பனியன் மடிக்கிற மிஷின் செஞ்சார். அவர் மச்சினன் டீக்கடையில நின்னு, எப்படி மடிக்கும்னு கையாலயே ஆட்டிக் காட்டிட்டான். அவ்வளவுதான். இருபது நாட்டுல ஊத்திக்கிச்சு."

"எனக்கு மச்சினனே இல்ல" என்றார் யுவராஜ், அதுவும் தன் திட்டத்தில் ஒரு பகுதி என்பதுபோல.

"ஆன்ட்டி, உங்களுக்கும்தான். இதை ஒட்டிக்கிட்டு வாசல் தாண்டி ஒரு வார்த்தைகூட வேண்டாம்."

சுகன்யா தலையாட்டினாள். "பேருந்தில் கூடவா கேமரா உள்ளது?" என்றது பட்டை.

"டிரைவர் தலைக்கு மேலயே இருக்கு ஆன்ட்டி. குரலும் சேர்த்துத்தான்."

யுவராஜ் அறையைக் குறுக்கே அளந்துகொண்டிருந்தார். "விண்ணப்பத்துல நாம உரிமை கேக்கற ஏழு கோரிக்கையில முதல் ஆறு பட்டைக்கு. ஏழாவது சல்லடைக்கு. பட்டை என் கையில இருந்தா சல்லடை இல்லாம எவனும் செய்ய முடியாது. இதை வாங்கப்போற சூரிச் கம்பெனிக்காரங்களுக்கு அதுதான் முக்கியம்."

"அவங்களுக்கு ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தானே காட்டினீங்க?"

"போட்டுத்தான். அவங்க ஒரே கண்டிஷன், சல்லடை இல்லாத பட்டை உலகத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஊர்ல இருக்கிற பொண்டாட்டிக மனசுல இருக்கறதெல்லாம் வெளிய வந்துதுன்னா முதல் கேஸ் அவங்க மேலதானே விழும்? உரிமை வந்த அன்னிக்கே பழசை அவங்ககிட்ட குடுத்துடணும். கொளுத்திருவாங்க."

சுகன்யாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவளுக்கு என்னவோ சொல்ல இருந்தது. பட்டை கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நன்று" என்றது.

ஆஃப்ரின் பையை எடுத்துக்கொண்டாள். "எல்லாம் தயாரா இருக்கு. வர்ற வாரமே போட்டுடறேன்."

"வர்ற வாரமா? ஆடி பொறந்துருமே!"

நரம்பின் துடிப்பை ஆயிரமாகக் கூறுபோட்டவர் அவர். ஆடி மாசத்தில் விண்ணப்பம் போட மாட்டேன் என்று நின்றார்.

"சார், ஒரு பட்டனை அமுக்கப்போறோம். கிரகப்பிரவேசமா பண்றோம்?"

"ஆடியில நான் புதுச் செருப்புகூட வாங்கறதில்லீங் அம்மிணி."

"செருப்பு லேட்டானா வேற எவனும் பேட்டண்ட் வாங்க மாட்டான் சார்! ஒரு மாசம் சும்மா வெளிய கிடக்கும். என்ன வேணா ஆகலாம்."

"என்ன ஆகும்? வீட்டை விட்டு வெளிய போறதுக்கு இதுக்குக் கால் இருக்கா?"

பட்டைக்குக் கால் இல்லைதான்.

ஆவணியில் நல்ல ஓரை பார்த்து விண்ணப்பம் போடப்பட்டது. கணினிக்குத் தேங்காய் உடைத்தார்கள். யுவராஜ் வைத்த சந்தனத்தில் விசை ஒட்டிக்கொண்டது; ஆஃப்ரின் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அவளே அழுத்தினாள். பிறகு கூட்டு விண்ணப்பமும் போயிற்று.

அப்புறம் காத்திருப்பு. யுவராஜுக்குக் காத்திருக்கத் தெரியாது. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். புது விசிட்டிங் கார்டு அச்சடித்தார். 'கண்டுபிடிப்பாளர்' என்று மட்டும், பெயரைவிடப் பெரிதாக. ஏற்புரை தயார் செய்தார். அதில் தாய்நாட்டுக்கு ஒரு பத்தி, தாய்மொழிக்கு ஒரு பத்தி, சுகன்யாவுக்கு அரை வரி. கையெழுத்தைப் பழகினார். நகம் கடித்துக் கடித்து, கையெழுத்துப் போடும் விரலில் நகமே இல்லாமல் போயிற்று. ஆஃப்ரினுக்குத் தினம் போன்.

"துருவி இன்னும் தேடிட்டிருக்கு சார்."

"என்னத்தைத் தேடுது? அதான் உலகத்துலயே இல்லையே!"

"இல்லைன்னு சொல்றதுக்கும் தேடணும் சார்."

ஒருநாள் ஆஃப்ரினே கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் உக்காந்துட்டுக் கேளுங்க."

"நான் எப்ப உக்காந்தேன்? சொல்லுங்க."

"நேர்லயே வர்றேன்."

வந்தாள். கூடத்துச் சுவரில், உலகப் படத்துக்குப் பக்கத்தில், துருவி அனுப்பிய காட்சியை ஓடவிட்டாள்.

டவுன் பஸ். காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகிறது. கூட்டம். மூன்றாவது இருக்கையில் ஒரு பருத்த பெண்மணி, மடியில் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய குக்கர். பக்கத்தில் ஸ்கார்ப் கட்டிய சுகன்யா.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க... குண்டம்மா... அய்யோ, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றது இருபத்துநாலு வயதுக் குரல்.

"யாரைக் கண்ணு குண்டம்மாங்கறே?"

"நான் சொல்லலீங்க. நினைச்சேன். இந்தப் பட்டை நினைச்சதையும் சேத்துச் சொல்லிப்போடும்."

பெண்மணி குலுங்கிச் சிரித்தாள். குக்கர் மூடி கடகடத்தது. "நல்லாருக்கே! எங்க வாங்கினே?"

"எங்க வீட்டுக்காரர் செஞ்சதுங்க. இங்க பாருங்க, தாடைக்குக் கீழ ஒட்டணும். பேசறதுக்கு நரம்புல ஓடுதில்ல, அதைப் பிடிச்சுக்கும். இந்தப் பட்டன்லதான் சத்தம்."

"கெட்டிக்காரர்தான்."

"கெட்டிக்காரருங்க. நல்லவரும்கூட... கேக்கத்தான் மாட்டார்... எனக்குக் குரல் வேணும்னு ரெண்டு வருஷம் தூங்காம உழைச்சாருங்க. குரல் வந்தா நான் என்ன பேசுவேன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

"எந்த ஆம்பளைதான் கேக்கறான்?" என்றாள் குக்கர்க்காரி. பஸ் மேம்பாலம் ஏறியது. காட்சி அதோடு நின்றது.

சமையலறையில் சுகன்யா கீரை ஆய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்படி வேலை செய்யுதுன்னு ஆன்ட்டி வகுப்பே எடுத்திருக்காங்க சார்" என்றாள் ஆஃப்ரின். "ஆடி மாசம். நம்ம தேதிக்கு முந்தி."

யுவராஜ் சமையலறை வாசலுக்குப் போனார். "எதுக்குப் போனே? எதுக்கு அதை எடுத்தே?"

"மன்னிக்கவும்" என்றது பட்டை. அவள் வாய் அதைவிட நிறைய அசைந்திருந்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு சார்" என்றாள் ஆஃப்ரின். அதைச் சொல்ல அவளுக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கண்டுபிடிச்சவரே முன்னின்னு நடத்துற சோதனைன்னா, அது வெளியில காட்டினதா ஆகாது. உங்க ஏற்பாட்டுலதான் ஆன்ட்டி பஸ் ஏறினாங்க, கூட்டத்துல எப்படிக் கேக்குதுன்னு பாக்க நீங்க எழுதிக் குடுத்த வசனத்தைப் பேசினாங்கன்னு நீங்க பிரமாணம் பண்ணிச் சொல்லணும். ஆன்ட்டியும் ஆமான்னு சொல்லணும். ஆனா அது நிஜமா இருந்தாத்தான் சார். நான் உங்களைப் பொய் சொல்லுங்கன்னு சொல்லல."

"எல்லா வசனமுமா?"

"எல்லாமும்."

யுவராஜ் ஒரு விரலை வாயில் வைத்தார். "கேக்கத்தான் மாட்டார்ங்கறதும்?"

"அதை யார் எழுதினாங்கன்னு குறிப்பாக் கேப்பாங்க."

அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போய்த் திரும்பி வந்தார். உலகப் படத்தில் நாற்பத்தொரு குண்டூசி மினுங்கியது. "நான்தான் எழுதினேன்" என்றார்.

ஆஃப்ரின் காட்சியை அணைத்தாள்.

அன்று சாயங்காலமே யுவராஜ் சுகன்யாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 'அந்தச் சொற்கள் என் கணவருடையவை.' நாலே வார்த்தை. நன்றாகவும் வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

விசாரணை ஆஃப்ரினின் அலுவலகத்தில். எதிர்ச் சுவர்த் திரையில் காப்புரிமை அதிகாரி தெரிந்தார். எங்கோ குளிர் தேசத்தில் உட்கார்ந்திருந்த நோவாக் என்கிற மனிதர். கம்பளி மேலாடை, தூக்கம் போதாத கண்கள். அவர் பேசுவதைத் தமிழாக்குகிற பெட்டியை யாரோ ஒரு பட்டிமன்ற நடுவர் பயிற்றுவித்திருக்க வேண்டும்.

"மாண்புமிகு கண்டுபிடிப்பாளரே, வருக" என்றது பெட்டி. யுவராஜ் காலரைச் சரிசெய்துகொண்டார். 'மாண்புமிகு' அவருக்குப் பொருந்தியது.

பிரமாணம் முடிந்தது. பஸ் காட்சி இன்னொரு முறை ஓடியது.

"'கேட்கத்தான் மாட்டார்' என்னும் தொடரை இயற்றியவர் தாங்களா?"

"ஆமாங்க."

"தம்மைக் குறித்தே அவ்வாறு இயற்றினீரா?"

"சோதனைக்கு ஒரு... இயல்பா இருக்கட்டும்னு."

அதிகாரி குறித்துக்கொண்டார். "'குரல் வந்தால் நான் என்ன பேசுவேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.' இதனையும்?"

யுவராஜின் விரல் வாய்க்குப் போயிற்று. பக்கத்தில் சுகன்யா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதிலேயே மிகச் சரியான வார்த்தைகள் அவை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் சொன்னார்.

"நான்தான் எழுதினேன்."

"நல்லது. அம்மையாரே, தாங்கள் இதனை உறுதி செய்கிறீரா?"

சுகன்யா வாயசைத்தாள்.

"வணக்கம்" என்றது பட்டை.

அவள் மறுபடி வாயசைத்தாள். நீளமாக. கழுத்து நரம்பு புடைத்தது. கைவிரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பயம் இருந்தது, தயக்கம் இருந்தது. தயக்கம் இருந்தால் வெட்டுவதற்குத்தானே சல்லடை?

"நன்றி" என்றது பட்டை.

"உறுதி செய்ததாகக் கொள்ளலாமா?" என்றார் அதிகாரி.

யுவராஜ் வாயைத் திறப்பதற்குள் சுகன்யா தாடைக்குக் கீழே கைவைத்துப் பட்டையைப் பிய்த்தெடுத்தாள். சதையோடு வந்த மாதிரி சத்தம் கேட்டது. கைப்பையைத் திறந்தாள். மூக்குப்பொடி டப்பா போல ஒரு சிறு டப்பா. அதிலிருந்து பழைய பட்டையை எடுத்து ஒட்டி, இரண்டு விரலால் அழுத்திவிட்டாள்.

"சாவி ஆணியிலதாங்க இருந்துச்சு" என்றது இருபத்துநாலு வயதுக் குரல். "அதிகாரி ஐயா, அது நான் சொன்னது... நகம் கடிக்காதீங்க... யாரும் எழுதிக் குடுக்கல. இவருக்கு அவ்வளவு நல்லா எழுத வராது... அய்யோ பாவம், மூஞ்சி சுருங்கிப்போச்சு... ஆனா இந்தப் பட்டையைச் செஞ்சது இவர்தான். தனியாளா செஞ்சார். அதையும் எழுதிக்குங்க. பொய் சொல்லிட்டாரேன்னு ஒண்ணும் பண்ணிராதீங்க. இவருக்கு நிக்கிறதுக்கு ஒரு மேடை வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்... பேசினா நல்லாத்தான் இருக்கு."

பெட்டி இதையெல்லாம் அந்தக் குளிர் தேசத்து மொழியில் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தது. 'நகம் கடிக்காதீங்க' வந்த இடத்தில் அதிகாரி நோவாக் சட்டென்று தன் கையை வாயிலிருந்து எடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னதைப் பெட்டி இப்படித் தமிழாக்கியது: "கணவர் கூற்றினை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுகிறோம். அம்மையாரின் கூற்று நிற்கிறது."

முதல் ஆறு கோரிக்கைகள் விழுந்தன. பஸ்ஸில் பேசிய பட்டையை அதற்குமேல் உலகத்தில் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, யுவராஜ் உட்பட.

"ஏழாவது?" என்றார் யுவராஜ். அவர் குரலுக்குத்தான் அப்போது ஒரு பட்டை தேவைப்பட்டது.

ஆஃப்ரின் பெருமூச்சு விட்டாள். "ஏழாவது நிக்குது சார். பஸ்ல ஆன்ட்டி போட்டிருந்ததுல சல்லடை இல்லையே. அது புதுசுதான். உலகத்துல வேற யாருக்கும் அந்த யோசனை வரல."

ஆக, நாற்பத்தொரு நாடுகளிலும் கதவு திறந்தது. ஒவ்வொன்றாக உரிமை வந்தது, முத்திரையும் ரிப்பனுமாக. லீக்டன்ஸ்டைனிலிருந்து வந்ததில் கொடியெல்லாம் போட்டிருந்தது. பேச வைக்கிற பட்டை யாருடையதும் இல்லை. வாயை அடைக்கிற சல்லடை மட்டும் யுவராஜுடையது. சூரிச்காரர்கள், பழைய பட்டையைக் கொளுத்தக் கேட்காமலே, மிக மரியாதையான ஒரு வாக்கியத்தில் விலகிக்கொண்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சல்லடை இருந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பட்டறைக்குப் பட்டறை பட்டை செய்ய ஆரம்பித்தார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் போன் கவர் பக்கத்தில் கொத்தாகத் தொங்கியது. குரல் போனவர்கள் வாங்கினார்கள். தொண்டை நன்றாக இருந்தும் வீட்டில் பேசாதவர்கள் கொஞ்சம் பேர் திருட்டுத்தனமாக வாங்கினார்கள். ஈரோட்டில் ஒரு கல்யாணம் நின்றது. பல்லடத்தில், நிற்க இருந்த ஒன்று நடந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த ஒருவர் நாலு வருடம் கழித்து முதன்முதலாகப் பேசினார்; மகனைக் கூப்பிட்டு, "அந்த டிவியை அணைடா" என்றார். வீட்டில் எல்லாரும் அழுதார்கள். சல்லடைக்கு இதுவரை ஒரே ஒரு விசாரிப்பு. ஒரு கட்சியின் தலைமைக் கழகத்திலிருந்து, பேச்சாளர்களுக்கு மொத்தமாகக் கிடைக்குமா என்று.

யுவராஜ் ஏற்புரையைக் கிழிக்கவில்லை, படிக்கவும் இல்லை. குண்டூசிகளைப் பிடுங்கவில்லை. தினமும் பஸ் காட்சியைப் போட்டுப் பார்த்தார், நின்றுகொண்டே. வசனம் மனப்பாடம் ஆகிவிட்டதால் ஒருநாள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

குக்கர்க்காரியிடம் பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் சுகன்யா ஸ்கார்பைத் தளர்த்துகிறாள். தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறாள், பட்டை நன்றாகத் தெரிகிற மாதிரி. பிறகு டிரைவர் தலைக்கு மேலே, நேராக, பார்க்கிறாள். அங்கே பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது.

யுவராஜ் அதை நிறுத்தி, திருப்பி, மறுபடி பார்த்தார். சமையலறைக்குப் போனார். சுகன்யா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "முத்தல்... இந்தக் கடைக்காரனை... நாளைக்குக் கேக்கறேன்" என்று பட்டை தன்பாட்டுக்கு முணுமுணுத்தது.

"சுகன்யா."

"சொல்லுங்க... மறுபடி அந்தப் படத்தைப் பாத்திருக்காரு... காபி வேணுமா?"

"அன்னிக்கு பஸ்ல, கேமரா இருக்குன்னு தெரிஞ்சுதானே பேசினே?"

கத்தி நின்றது. அவள் கையைப் புடவையில் துடைத்தாள். அவசரமில்லாமல் தாடைக்குக் கீழே விரலை விட்டுப் பட்டையை உரித்து, மடித்து, பீன்ஸ் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, இல்லையே என்று தலையாட்டினாள்.

யுவராஜ் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் அதை மறுபடி ஒட்டிக்கொள்கிற வரைக்கும் இருக்கலாம் என்று உட்கார்ந்தார்.